ஊர்க் கிளை நூலகம்: வாசலில் நின்று கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். மாலையில் நாளிதழ் மேசைப் பக்கம் உட்கார்ந்திருந்தால் யாராவது வந்து தயங்கித் தயங்கி ஏதாவது கேட்பார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் படியேறாமலே திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, பதில்களைச் சேர்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் பொது நூலகத் துறையின் கீழ் இயங்கும் கிளை நூலகங்களுக்கும் ஊர்ப்புற நூலகங்களுக்கும் இவை பொருந்தும். கட்டணம், நேரம் போன்றவை மட்டும் இடத்துக்கு இடம் மாறும்.

சும்மா உள்ள வந்து பேப்பர் படிக்கலாமா? காசு கட்டணுமா?

வரலாம், படிக்கலாம், ஒரு பைசா கட்ட வேண்டாம். வாசலில் உள்ள வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். நாளிதழ், வார இதழ் மட்டுமல்ல, அலமாரியில் உள்ள எந்தப் புத்தகத்தையும் எடுத்து அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். உறுப்பினர் அட்டையும் கேட்க மாட்டார்கள்.

அந்தக் கையெழுத்தை மட்டும் தவற விடாதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு அதிலிருந்துதான் மாவட்டத்துக்குப் போகிறது. இன்னொரு மேசை, கூடுதல் இதழ்கள் என்று நூலகர் கேட்கும்போது அவர் கையில் இருக்கும் ஆதாரம் அந்தப் பதிவேடுதான்.

அப்போ உறுப்பினர் ஆகறது எதுக்கு?

புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போக. விண்ணப்பப் படிவம் நூலகத்திலேயே கிடைக்கும். ஆதார் அல்லது குடும்ப அட்டை நகல், காப்புத் தொகை, ஆண்டுச் சந்தா, அவ்வளவுதான். ஒரே நேரத்தில் எத்தனை புத்தகம் எடுக்க விரும்புகிறீர்களோ அதற்கேற்பக் காப்புத் தொகை கூடும். கேட்டால் ஆச்சரியப்படும் அளவுக்குச் சிறிய தொகை. புதிதாக ஒரு நாவல் வாங்கும் விலையில் ஒரு குடும்பமே சேர்ந்துவிடலாம். உறுப்பினராக வேண்டாம் என்று முடிவு செய்யும் நாளில், எடுத்த புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் காப்புத் தொகை திரும்பக் கிடைக்கும்.

வேற ஊர்ல இருந்து வந்து வாடகைக்கு இருக்கோம். ஆதார்ல பழைய முகவரிதான் இருக்கு. என்ன பண்றது?

நூலகரிடம் நேராகச் சொல்லுங்கள். இப்போதைய முகவரிக்கு வேறு என்ன சான்று ஏற்றுக்கொள்வார்கள் என்று அவர் சொல்வார். கல்லூரி விடுதியில் தங்கியிருப்பவர்கள் கல்லூரியில் ஒரு சான்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. அது கையில் வரும்வரை முதல் கேள்விக்குச் சொன்ன வழி இருக்கவே இருக்கிறது. உள்ளே உட்கார்ந்து படிப்பதற்கு முகவரியே தேவையில்லை.

நாங்க எப்பப் போனாலும் பூட்டித்தான் கிடக்கு. எப்பதான் திறந்திருக்கும்?

இப்படிக் கேட்பவர்களில் பாதிப் பேர் வெள்ளிக்கிழமை போயிருப்பார்கள். கிளை நூலகங்களுக்கு வெள்ளி வார விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். மற்ற அலுவலகம் எல்லாம் மூடியிருக்கும் நாளில்தானே வேலைக்குப் போகிறவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நேரம் கிடைக்கும்! மீதிப் பேர் மதியம் போயிருப்பார்கள். பல கிளைகள் காலையில் திறந்து, நடுப்பகலில் மூடி, மாலையில் மறுபடி திறக்கும். ஊர்ப்புற நூலகத்துக்கும் பகுதி நேர நூலகத்துக்கும் நேரம் இன்னும் குறைவு. வாசல் பலகையை ஒரு முறை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் வெச்சுக்கலாம்? லேட்டானா திட்டுவாங்களா?

ஏறக்குறைய இரண்டு வாரம். திருப்பித் தர வேண்டிய தேதியைப் புத்தகத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் முத்திரை குத்தித் தருவார்கள். இன்னும் படித்து முடிக்கவில்லை என்றால், வேறு யாரும் கேட்டு வைக்காத பட்சத்தில், புதுப்பித்துக்கொள்ளலாம். தாமதமானால் சிறு கட்டணம் உண்டு.

திட்டுவார்களோ என்ற பயத்தில் மாதக்கணக்கில் புத்தகத்தை வீட்டிலேயே வைத்திருந்து, அப்புறம் நூலகப் பக்கமே வராமல் போனவர்களை எனக்குத் தெரியும். இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். எத்தனை மாதம் ஆகியிருந்தாலும் கொண்டுவந்து கொடுங்கள். புத்தகம் திரும்பி வந்தால் எந்த நூலகருக்கும் சந்தோஷம்தான்.

மழையில நனைஞ்சு போச்சு. சின்னவன் ரெண்டு பக்கம் கிழிச்சுட்டான். இப்ப என்ன?

நீங்களே பசை டேப் போட்டு ஒட்டாதீர்கள். சில வருடங்களில் டேப் மஞ்சளாகிக் காகிதத்தையும் கெடுத்துவிடும். அப்படியே கொண்டுவந்து காட்டுங்கள். சரிசெய்யக்கூடியது என்றால் பைண்டிங்குக்கு ஒதுக்கி வைப்பார்கள். தொலைந்தோ முழுதும் பாழாகியோ போயிருந்தால் அதே புத்தகத்தின் வேறு பிரதி வாங்கித் தரலாம், அல்லது நூலகம் சொல்லும் தொகையைக் கட்டலாம். பதிப்பில் இல்லாத பழைய புத்தகம் என்றால் முதலில் நூலகரிடம் பேசிவிட்டு வாங்குங்கள்.

அலமாரியில ஒண்ணும் புரியலையே. முதுகுல இருக்கற எழுத்தும் நம்பரும் என்ன கணக்கு?

நிஜமாகவே அது ஒரு கணக்குதான், போட்டவர் கணித ஆசிரியர். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். அவர் உருவாக்கி 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையை இன்று உலகெங்கும் நூலகவியல் மாணவர்கள் படிக்கிறார்கள். நம் பக்கத்துக் கிளை நூலகங்கள் பலவற்றில் புத்தகங்கள் அந்த முறைப்படிதான் அடுக்கப்பட்டிருக்கின்றன.

பாதி தெரிந்தாலே போதும். ஆங்கில எழுத்து ‘ஓ’ என்றால் இலக்கியம். அதையடுத்து 31 இருந்தால் தமிழ் இலக்கியம். காற்புள்ளிக்குப் பிறகு 1 என்றால் கவிதை, 2 நாடகம், 3 கதையும் நாவலும். ‘ஜே’ வேளாண்மை, ‘எல்’ மருத்துவம், ‘வி’ வரலாறு. ஒரு பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுத்து, “ஓ 31,3 எங்கே இருக்கு, கண்டுபிடி” என்று அனுப்பிப் பாருங்கள். புதையல் தேடுவது மாதிரி ஓடும். எடுத்த புத்தகத்தைத் தப்பான தட்டில் செருகாமல் மேசைமேல் வைத்துவிடச் சொல்லுங்கள், அது மட்டும் முக்கியம். இடம் மாறிய புத்தகம் தொலைந்த புத்தகம் மாதிரிதான்.

நான் கேட்ட புத்தகம் எதுவுமே இல்லை. பழசையே வெச்சிருக்கீங்க. ஏன்?

இந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. ஒரு கிளை நூலகம் தன் விருப்பப்படி கடைக்குப் போய்ப் புத்தகம் வாங்க முடியாது. பெரும்பாலான நூல்கள் மாநில அளவில் தேர்வு செய்யப்பட்டு மாவட்டங்கள் வழியாக வருகின்றன. கொல்கத்தாவில் 1972-இல் தொடங்கிய ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையின் உதவியிலும் நூல்கள் வரும். இந்தச் சுற்று முடிய நாளாகும்.

அதற்காகச் சும்மா இருக்க வேண்டாம். நூலகரிடம் வேண்டிய நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் எழுத்தில் கொடுங்கள். “நல்ல புத்தகமா வாங்குங்க” என்று பொதுவாகச் சொன்னால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. மாவட்ட மைய நூலகத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். நம் கிளையைவிடப் பல மடங்கு நூல்கள் அங்கே உண்டு. மிக அரிய நூல் என்றால் சென்னை எழும்பூரில் உள்ள கன்னிமாரா நூலகம். 1896-இல் திறக்கப்பட்ட அது, நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி சட்டப்படி சேர வேண்டிய நூலகங்களில் ஒன்று.

குரூப் 4-க்குப் படிக்கிறேன். கோச்சிங் போகக் காசு இல்லை. நூலகத்தை வெச்சே தேற முடியுமா?

முடியும். எங்கள் நூலகத்தின் பின்பக்க மேசையில் படித்து வேலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வழிகாட்டி நூல்களைக் குவித்து வைத்துக்கொண்டு படித்தவர்கள் அல்ல அவர்கள்.

தேர்வின் அமைப்பை முதலில் பாருங்கள். 200 வினாக்கள், 300 மதிப்பெண், 3 மணி நேரம். அதில் 100 வினாக்கள், 150 மதிப்பெண் தமிழ். தமிழில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். பத்தாம் வகுப்புத் தரத்தில் கேட்கப்படும் தேர்வு இது. அதனால் 6 முதல் 10 வரையான தமிழ், சமூக அறிவியல், அறிவியல் பாடநூல்கள்தான் அடித்தளம். அவை நூலகத்தின் போட்டித் தேர்வுப் பகுதியில் இருக்கும். இல்லையென்றால் பள்ளி முடித்த பிள்ளைகளிடம் கேட்டு வாங்கி நூலகத்துக்கே கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு அடுத்து வருபவருக்கும் உதவும்.

அப்புறம் நாளிதழ். தினமும் ஒரே நேரத்தில் வந்து, ஒரு தமிழ் நாளிதழை முழுதாகப் படித்து, ஒரு பக்கத்துக்கு மிகாமல் குறிப்பு எழுதுங்கள். பழைய இதழ்களைக் கொஞ்ச காலம் கட்டி வைத்திருப்பார்கள், தவறவிட்ட நாளுக்கு அவற்றைக் கேளுங்கள். மூன்று பேர் சேர்ந்து வந்தால் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொள்ளலாம், வெளித் திண்ணையில். உள்ளே பேசினால் மற்றவர் படிப்பு கெடும். பழைய வினாத்தாள்கள் தேர்வாணையத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும், அதற்கென்று காசு கொடுத்துப் புத்தகம் வாங்க வேண்டாம்.

எங்க பொண்ணைத் தனியா அனுப்பலாமா? ஆம்பளைங்களா உக்கார்ந்திருக்காங்களே.

இதை அம்மாக்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நாளிதழ் மேசையைச் சுற்றி ஆண்களாக இருப்பது உண்மை. பல நூலகங்களில் மகளிருக்குத் தனிப் பகுதி உண்டு. இல்லாத இடத்தில் நூலகர் மேசைக்கு எதிரே உட்காரலாம். முதல் இரண்டு முறை நீங்களும் கூட வந்து, நூலகரிடம் பெண்ணை அறிமுகப்படுத்திவிட்டுப் போங்கள்.

நீங்களும் உட்கார்ந்து ஒரு இதழைப் புரட்டுங்கள், அம்மா. பெண்கள் வரவர அந்த மேசையின் முகமே மாறும். எங்கள் ஊரில் நாலு மாணவிகள் சேர்ந்து வரத் தொடங்கிய பிறகு ஆறு மாதத்தில் பெண்கள் பெஞ்சில் இடம் போதவில்லை. யாராவது தொந்தரவு கொடுத்தால் பொறுத்துக்கொண்டு வராமல் நின்றுவிடக் கூடாது. அன்றைக்கே நூலகரிடம் சொல்ல வேண்டும். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதலாம்.

சின்னப் பிள்ளைங்க சத்தம் போடுமே, கூட்டிட்டு வரலாமா?

தாராளமாக. சிறுவர் பகுதி அதற்குத்தான். படம் பார்ப்பதும் வாய்விட்டுப் படிப்பதும்தான் அந்த வயதுக்கு வாசிப்பு. யாராவது முறைத்தால் வாசகர் வட்டத்தினரிடம் சொல்லுங்கள், நாங்கள் பேசுகிறோம்.

அப்பாவுக்கு நடக்க முடியலை. முன்னெல்லாம் தினமும் வருவார். அவருக்கு ஏதாவது வழி இருக்கா?

இருக்கிறது. நூலக நண்பர்கள் என்ற திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடு தேடிப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்து, படித்ததும் திருப்பி வாங்கி வருகிறார்கள். முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் போல வெளியே வர முடியாதவர்களுக்கான ஏற்பாடு அது. உங்கள் கிளையில் தன்னார்வலர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் அப்பாவின் உறுப்பினர் அட்டையை நீங்களே கொண்டுவந்து அவருக்காக எடுத்துப் போகலாமா என்று நூலகரிடம் கேளுங்கள்.

பார்வை குறைந்தவர்களுக்குப் பெரிய எழுத்து நூல்களைத் தேடித் தரச் சொல்லலாம். பிரெய்ல் நூல்களும் ஒலி நூல்களும் வேண்டுமானால் சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் அதற்கெனத் தனிப் பிரிவே உண்டு.

தாத்தா சேர்த்து வெச்ச புத்தகம் நாலு பெட்டி இருக்கு. கொண்டுவந்து குடுத்துடலாமா?

முதலில் ஒரு பட்டியல் எழுதுங்கள். பெட்டியோடு இறக்கிவிட்டுப் போனால் இட நெருக்கடியில் அது மூலையிலேயே கிடந்து செல்லரிக்கும். பட்டியலைப் பார்த்து நூலகர் தனக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுப்பார். அப்படி எடுத்துக்கொண்டவை பதிவேட்டில் எண் பெற்று நூலகச் சொத்தாகும்.

ஓலைச்சுவடி, நூறு வருடப் பழைய பதிப்பு, நின்றுபோன சிற்றிதழ்கள், கையெழுத்துப் பிரதிகள் இருந்தால் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். காரைக்குடி பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் வாழ்நாள் முழுதும் இப்படிச் சேர்த்து வைத்ததுதான் இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகமும் அரிய நூல்களை மின்னுருவாக்கித் தமிழ் மின்னூலகத்தில் இலவசமாக வைக்கிறது. தாத்தாவின் பெட்டியில் வேறெங்கும் இல்லாத ஒன்று இருக்கக்கூடும்.

கம்ப்யூட்டர், ஜெராக்ஸ், வைஃபை எல்லாம் உண்டா?

மாவட்ட மைய நூலகங்களிலும் பெரிய கிளைகளிலும் கணினி உண்டு. சிறிய ஊரில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், கேட்டுவிட்டுப் போங்கள். போன் இருந்தாலே மேலே சொன்ன தமிழ் மின்னூலகத்தைத் திறந்து படிக்கலாம். திறக்கத் தெரியாதவர்களுக்கு வாசகர் வட்டத்தில் யாராவது காட்டித் தருவோம்.

அது என்ன வாசகர் வட்டம்? புரவலர்னா பெரிய ஆளுங்களா?

வாசகர் வட்டம் நூலகத்துக்கு வருகிற நம்மைப் போன்றவர்களின் குழு. நூல் அறிமுகக் கூட்டம், மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி, ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள், நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம் என்று நடத்துவோம். மின்விசிறி ரிப்பேர், கூரை ஒழுகல் போன்றவற்றுக்கும் ஊரில் ஆள் தேடிப் பிடிப்பது நாங்கள்தான்.

புரவலர் என்றால் 1,000 ரூபாய் கொடுத்து நூலகத்துக்குத் துணை நிற்பவர். அவர் பெயரைப் பலகையில் எழுதுவார்கள். பிள்ளையின் பிறந்த நாளுக்கு அந்தப் பிள்ளையின் பெயரிலேயே கட்டியவர்கள் இருக்கிறார்கள். தன் பெயரைப் பலகையில் பார்த்த குழந்தை அந்த நூலகத்தை விடாது.

நகராட்சியில ‘அறிவுசார் மையம்’ திறந்திருக்காங்களே. அதுவும் இதுவும் ஒண்ணா?

ஒன்றல்ல. அறிவுசார் மையத்தை நடத்துவது நகராட்சி. கிளை நூலகம் பொது நூலகத் துறையுடையது. மையத்தில் போட்டித் தேர்வுக்கான நூல்களும் கணினியும் நல்ல இருக்கைகளும் உண்டு. குரூப் 4 மாணவர்கள் இரண்டையும் பயன்படுத்துங்கள். கதை, கவிதை, சிறுவர் நூல்களை வீட்டுக்கு இரவல் எடுக்கக் கிளை நூலகத்துக்கே வாருங்கள்.

நான் ஒரு கவிதைத் தொகுப்பு போட்டிருக்கேன். நூலகத்துல வைப்பாங்களா?

உள்ளூர் எழுத்தாளரின் பிரதியை அன்பளிப்பாகக் கொடுத்தால் பெரும்பாலும் மகிழ்ந்து ஏற்பார்கள். வாசகர் வட்டத்தில் அறிமுகக் கூட்டமும் வைக்கலாம். மாநிலம் முழுதும் நூலகங்களுக்குப் போக வேண்டும் என்றால், பொது நூலக இயக்ககம் நூல் கொள்முதலுக்கு அறிவிப்பு வெளியிடும்போது முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும்.

நூலை நீங்களே பதிப்பித்திருந்தால் இன்னொரு கடமையும் இருக்கிறது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், கன்னிமாரா உட்பட இன்னும் மூன்று நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். செலவு என்று நினைக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பிரதி தொலைந்தாலும் அந்தப் பிரதி இருக்கும்.

நூலகத்துல வேலை கிடைக்குமா?

புத்தகம் பிடிக்கும் என்பது மட்டும் தகுதியாகாது. நூலக அறிவியலில் சான்றிதழோ பட்டமோ வேண்டும். பதவிக்கு ஏற்பத் தகுதி மாறும். நூலகர் பணியிடங்களுக்குத் தேர்வாணையம் தேர்வு நடத்தும்போது நாளிதழில் அறிவிப்பு வரும். பள்ளி, கல்லூரி நூலகங்களும் உண்டு. அதுவரை நூலக நண்பர்களில் சேர்ந்து உதவுங்கள், வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

நாங்க நூலகத்துக்கே போறதில்லை. எங்ககிட்ட ஏன் நூலக வரி வாங்கறாங்க?

வீட்டு வரி ரசீதைக் கூர்ந்து பார்த்தவர்கள் கேட்கும் கேள்வி. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்கிறது. உள்ளாட்சி அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குத் தர வேண்டும். விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் முதன்முதலாக வந்த பொது நூலகச் சட்டம் நம்முடையது, 1948-இல். ரங்கநாதன் பல ஆண்டுகள் பாடுபட்டதன் பலன். யாரோ மனது வைத்து நன்கொடை கொடுத்தால்தான் நூலகம் நடக்கும் என்ற நிலை கூடாது என்பதற்காகவே வரி வந்தது.

ஆகவே நீங்கள் ஏற்கெனவே காசு கட்டிவிட்டீர்கள். நாளிதழ், மேசை, விளக்கு எல்லாவற்றிலும் உங்கள் பங்கு இருக்கிறது. வாடகைக்கு இருப்பவர் தரும் வாடகையிலும் அது இருக்கிறது. படிக்க நேரமில்லை என்றால் வீட்டிலுள்ள ஒருவரையாவது அனுப்புங்கள்.

எங்க கிராமத்துல நூலகமே இல்லை. வரவைக்க முடியுமா?

முயற்சி செய்யலாம். ஊராரிடம் கையெழுத்து வாங்கி, வாடகையில்லாமல் ஓர் இடம் தர முடியும் என்று ஊராட்சியின் சம்மதத்தோடு மாவட்ட நூலக அலுவலரிடம் மனுக் கொடுங்கள். பகுதி நேர நூலகமாகத் தொடங்கி ஊர்ப்புற நூலகமாக வளர்ந்த இடங்கள் உண்டு. உறுப்பினராகச் சேரத் தயாராக இருப்பவர்களின் பட்டியலையும் இணையுங்கள். இரண்டாவது கேள்வியில் சொன்ன சிறு தொகையைக் கட்ட ஐம்பது வீடு தயார் என்று காட்டினால் மனுவுக்குப் பலம் வரும்.

நூலகம் கிராமத்துக்குப் போவது இங்கே புதிதும் இல்லை. 1931 அக்டோபர் 21 அன்று மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சியில் மாட்டு வண்டியில் ஒரு நூலகம் புறப்பட்டது. புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போயிற்று அந்த வண்டி. ரங்கநாதனும் அந்த முயற்சிக்குத் துணை நின்றார். உங்கள் மனுவுக்குப் பதில் வரும்வரை, பக்கத்து ஊர்க் கிளையில் நாலைந்து பேர் உறுப்பினராகுங்கள். அட்டைக்கு இரண்டு புத்தகம் என்று எடுத்தாலும் பத்து புத்தகம். சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுபோய் உங்கள் ஊர்த் திண்ணையில் அடுக்கலாம். எந்தக் கிளை பக்கம், எந்த நாளில் போகலாம் என்று தெரியவில்லை என்றால் எங்கள் நூலகத்துக்கு வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அங்கேதான் இருப்பேன்.